மருந்துச்சீட்டு தடுத்த மரணங்கள்

ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைப்பொருள் அளவு மீறினால், மூச்சை இயக்கும் மூளைப் பகுதி மந்தமாகி, மூச்சு நின்று உயிர் போகிறது. இந்தச் சாவைத் தடுக்கும் மருந்துகள் பல ஆண்டுகளாகவே நம்மிடம் இருக்கின்றன. அவை தேவைப்படுகிறவரின் கைக்கு எளிதில் எட்டுமா என்பதைச் சட்டம்தான் முடிவு செய்கிறது. பிரான்ஸ் அதை எட்டவைத்தது. ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்குப் புப்ரெனார்ஃபின் மாத்திரை எழுதித்தரச் சிறப்பு மையம் தேவையில்லை, அக்கம்பக்கத்துப் பொது மருத்துவரே போதும் என்று 1995-இல் அந்நாடு முடிவெடுத்தது. அந்த மாத்திரை போதை ஏக்கத்தைத் தணிக்கும். ஆனால் ஹெராயினைப் போல மூச்சை ஒடுக்கிக்கொண்டே போகாது. 1999-க்குள் அங்கே போதை மிகுந்து இறந்தவர்களின் எண்ணிக்கை சுமார் 79 விழுக்காடு குறைந்தது. அதே காலத்தில் சுத்தமான ஊசி வழங்கும் திட்டங்களும் பெருகின என்பதால், பெருமை முழுவதும் மாத்திரைக்கே உரியதல்ல. இரண்டுமே அரசு எடுத்த முடிவுகள்தாம்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. வலிக்கு ஆக்சிகோடோன் என்ற அபின் வகை மருந்தை எழுத மருத்துவருக்கு வழக்கமான உரிமமே போதுமானதாக இருந்தது. அதற்கு அடிமையானவருக்குப் புப்ரெனார்ஃபின் எழுதவோ, 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் கேட்டது. எத்தனை பேருக்கு எழுதலாம் என்பதற்கும் வரம்பு கட்டியது. நோயை உண்டாக்கக்கூடிய மருந்துக்கு இல்லாத காவல், நோயைத் தணிக்கும் மருந்துக்கு! 2022 இறுதியில்தான் அந்த அனுமதி முறை நீங்கியது. அதற்குள் எல்லாப் போதைப்பொருள்களாலும் ஆண்டுதோறும் நேரும் சாவுகள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஃபெண்டனில் என்ற வீரியமிக்க அபின் வகைப் பொருள் கள்ளச்சந்தையில் பரவியது இதற்குப் பெருங்காரணம். அந்த நேரத்தில் சிகிச்சையின் வாசல் குறுகிக் கிடந்தது இழப்பைக் கூட்டியது.

ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதையா என்று கேட்பவர்கள் உண்டு. பிரான்சில் சிலர் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள், சிலர் விற்றார்கள் என்பதும் உண்மையே. அதற்குக் கண்காணிப்பு வேண்டும். மருந்தையே மறுப்பது தீர்வாகாது. சிறையில் அடைத்து நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் இன்னும் ஆபத்தானது. சிறையில் இருக்கும்போது உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுப்பவருக்கு முதல் இரண்டு வாரங்களில் சாவின் ஆபத்து பல மடங்காகிறது. ஆகவே சிறைக்குள்ளேயே புப்ரெனார்ஃபினோ, அதேபோல் ஏக்கத்தைத் தணிக்கும் மெத்தடோனோ தொடங்கி, விடுதலையாகும் நாளில் மூச்சை மீட்கும் நலாக்சோனையும் கையில் கொடுத்து அனுப்புவது அரசின் கடமை.