மூதவைக்கு ஆளனுப்புவது யார்?

எங்கள் பொத்துவில் தொகுதிக்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள், வாக்காளர் தெரிவு செய்யாத ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இருந்தார். அன்று இது இரட்டை அங்கத்தவர் தொகுதி. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியில் வென்ற எம். கனகரத்தினம் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாறினார், 1978இல் சுடப்பட்டார், 1980இல் இறந்தார். இடைத்தேர்தல் நடக்கவில்லை. அவருடைய சகோதரி இரங்கநாயகி பத்மநாதன் நியமிக்கப்பட்டார். 1982இல் சர்வஜன வாக்கெடுப்பு பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியதால், 1989 வரை அந்த ஆசனம் பற்றி இவ்வூர் மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அவர் நல்லவரா, உழைத்தவரா என்பதல்ல என் கேள்வி. அவரை மாற்றும் உரிமை எங்களிடம் இருக்கவில்லை.

புதிய அரசியலமைப்பு பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரண்டாம் சபையான மூதவையும் கூடவே வருகிறது; அதன் உறுப்பினர் விடயத்திலும் இதே கேள்விதான் எழுகிறது. 2017 செப்டெம்பரில் வெளியான வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை 55 பேர் கொண்ட சபையை முன்மொழிந்தது. மாகாண சபை ஒவ்வொன்றும் ஐவரை அனுப்பும், அது 45. மற்றப் பத்துப் பேரைப் பாராளுமன்றம் தெரிவு செய்யும். அமெரிக்காவிலும் 1913 வரை மாநிலச் சட்டமன்றங்களே செனட்டர்களைத் தெரிவு செய்தன. இழுபறியில் ஆசனங்கள் காலியாகக் கிடந்தன, பணம் கைமாறியது. 17ஆவது திருத்தத்தோடு அந்த உரிமை வாக்காளர் கைக்குப் போனது. இந்தியாவின் மாநிலங்களவைக்கு இன்றும் சட்டமன்ற உறுப்பினர்களே வாக்களிக்கிறார்கள். 2003 முதல், வேட்பாளர் அந்த மாநிலத்து வாக்காளராக இருக்க வேண்டியதுமில்லை.

நம் பழைய மூதவை 1947 முதல் 1971 வரை இருந்தது. முப்பது பேரில் பாதிப்பேரைக் கீழ்ச்சபை தெரிவு செய்தது. மறுபாதி மகாதேசாதிபதியின் நியமனம். அதனால் நன்மையே வரவில்லை என்று சொல்லமாட்டேன். மு. திருச்செல்வம் 1965இல் அமைச்சரானது அந்த வழியில்தான். மருதமுனை மசூர் மௌலானாவை இன்றும் எங்கள் பக்கத்தில் செனட்டர் என்றே சொல்வார்கள்.

2017 முன்மொழிவிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையில் 37 உறுப்பினர். மாற்றத்தக்க தனிவாக்கு முறையில் ஐவரைத் தெரிவு செய்தால், ஏழு உறுப்பினர் சேர்ந்து ஒருவரை உறுதியாக அனுப்பலாம். 2012இல் முஸ்லிம் காங்கிரஸ் வென்றது சரியாக ஏழு ஆசனம். ஆகவே சிறுபான்மைக்கு இடமே இல்லாமற் போகாது. ஆனால் அந்த ஒருவர் யார் என்பதை எந்த மேசை முடிவு செய்யும்? தேசியப்பட்டியலைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். 2015 பொதுத்தேர்தலுக்குப் பின் அட்டாளைச்சேனை எதிர்பார்த்திருந்த ஆசனம் 2018இல்தான் ஏ.எல்.எம். நஸீருக்குக் கிடைத்தது. அதுவரை ஒரு ஊரே முஸ்லிம் காங்கிரஸ் தலைவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாக்குப் போட்ட மக்களை இப்படிக் காக்கவைப்பது அவமானம்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. ஆளனுப்ப வேண்டிய மாகாண சபையே இல்லையென்றால்? கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பர் 30இல் கலைந்தது. பிறகு பல ஆண்டுகள் தேர்தலே வரவில்லை. சபை கலைந்த அதே மாதம் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தை மாற்றினார்கள்; 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கைக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் 139 வாக்குகள் விழுந்தன, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. தேர்தல் அங்கேயே சிக்கிக்கொண்டது. மாகாண சபையை நம்பி மூதவை அமைத்திருந்தால், கொழும்பு ஒரு தேர்தலைத் தள்ளிப்போட்டே இரண்டு சபைகளில் எங்கள் குரலை அடைத்திருக்கலாம்.

ஆகவே மாகாணத்துக்கு ஐவர் என்பது இருக்கட்டும், மாற்றத்தக்க வாக்கும் இருக்கட்டும். வாக்குச்சீட்டு மட்டும் மக்களிடம் வரட்டும். 1989 முதல் விருப்பு வாக்குப் போட்டுப் பழகிய எங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவது சிரமமில்லை. முஸ்லிம்கள் மூன்றிலொரு பங்குக்கு மேல் வாழும் கிழக்கில், ஆறிலொரு பங்கு வாக்கைத் தாண்டினால் ஒரு ஆசனம் உறுதி. தமிழருக்கும் சிங்களவருக்கும் அதே கணக்குத்தான்.

மாகாணம் முழுவதும் ஒரே தொகுதியானால் பொத்துவில் போன்ற தென்கோடி ஊர் காணாமற் போகும் என்று நண்பர்கள் அஞ்சுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டாம் விருப்பும் எண்ணப்படும் தேர்தலில், கல்முனைக்காரரோ திருகோணமலைக்காரரோ எங்கள் முதல் வாக்கு வேறொருவருக்கு என்று தெரிந்தும் இரண்டாவதைக் கேட்டு இங்கே வரவேண்டியிருக்கும். வரும்போது எங்கள் காணிப் பிரச்சினைக்கும் வைத்தியசாலைக்கும் அவர்கள் பதில் சொல்லட்டும். அயலிலுள்ள பாணமையிலும் லாகுகலையிலும் அங்குள்ள மக்களுக்கு அதே பதிலைச் சொல்லட்டும்.