கட்டிட வேலையில் நாளைத் திருடுவது யார்?

போடி:

கட்டிடம் கட்டும் இடத்தில் சிமெண்டு திருடு போனால் போலீசில் புகார் கொடுக்கலாம். கம்பி போனாலும் கொடுக்கலாம். நாள் திருடு போனால்?

போடிநாயக்கனூர் மக்களுக்கு இது பழகிய கேள்வி. மதுரை-போடி மீட்டர் கேஜ் ரெயில் 2010 டிசம்பரோடு நின்றது. 90 கிலோ மீட்டர்தான். அகல பாதையில் தேனிக்கு ரெயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15-ந் தேதி. பன்னிரண்டரை வருடம்!

பண ஒதுக்கீடு குறைந்தது ஒரு காரணம். ஆனாலும் அந்த வேலையில் ஒரு நல்ல பாடம் உண்டு. உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி, போடி என்று பகுதி பகுதியாக முடித்தார்கள். ரெயில்வே பாதுகாப்பு கமிஷனர் சோதித்து "சரி" சொன்ன பிறகே அந்தந்தப் பகுதியில் பயணிகள் ரெயில் ஓடியது.

1950-ல் அமெரிக்கர் டெமிங் ஜப்பானியருக்குச் சொன்னதும் இதுதான். முடிந்த பிறகு பழுது தேடாதே. செய்யும்போதே பழுது வராமல் பார். அவர் பெயரிலான பரிசை 1998-ல் சென்னை பாடி சுந்தரம்-கிளேட்டன் தொழிற்சாலை வாங்கியது.

கொத்தனாருக்கு ஒத்து வருமா?

தாராளமாக வரும். கான்கிரீட் கட்டியை 28-வது நாள் நசுக்கிப் பலம் பார்ப்பார்கள். அதற்குள் மேல் மாடி எழும்பி விடும்! கலவை இறுகுதேன்னு ஒரு வாளி தண்ணீர் கூட ஊற்றினால் வேலை சுலபம், பலம் போச்சு. ஆகவே கொட்டும் முன்பே தண்ணீர் அளவு, கம்பி இடைவெளி, சென்ட்ரிங் மூன்றையும் பார்த்து விட வேண்டும். கொட்டிய பிறகு குறைந்தது 7 நாள் ஈரம் காயக் கூடாது.

மலைச்சரிவில் உயிருக்கே ஆபத்து

ஏலத் தோட்டங்களுக்குப் போகும் போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இத்தகைய சரிவில் தடுப்புச் சுவர் கட்டும்போது தண்ணீர் வடிய ஓட்டை விடாவிட்டால் அரை நாள் மிச்சம். மழை வந்தால் பின்னால் தேங்கும் தண்ணீர் சுவரையே தள்ளி விடும். மறுபடி கல், மறுபடி சிமெண்டு, மறுபடி கூலி. அந்த நேரம் கீழே தொழிலாளர் ஜீப் போனால்?

"அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சுதான் திருடனுக்குக் கள்ளச் சாவி.

பிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எதை இடித்துக் கட்டினோம், ஏன், எத்தனை நாள் போச்சு என்று எழுத வேண்டும். வாரம் ஒரு முறை மேஸ்திரி, கொத்தனார், சித்தாள் எல்லாரும் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களே! "எப்ப முடியும்?" என்று கேட்பதை விடுங்கள். "இந்த வாரம் எதை இடிச்சுக் கட்டினீங்க?" என்று கேளுங்கள். திருடன் அகப்படுவான்.