பிள்ளைகளோடு வேறு மாநிலத்துக்கு: சட்டம் எப்படி இயங்குகிறது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே நடந்தால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஆந்திரத்துக்கு நடுவே இருக்கும் ஏனாமோ புதுச்சேரி. ஆகவே, விவாகரத்து ஆகாமல் பிரிந்து வாழும் ஒருவர், "பிள்ளைகளை வேறு மாநிலத்துக்குக் கூட்டிப்போகலாமா?" என்று கேட்டால், முதலில் எல்லைக்கோட்டை மறந்துவிட வேண்டும். சட்டம் பார்ப்பது வேறொன்றை.

பாலில் உறை ஊற்றி அடுப்படி மூலையில் வைக்கிறோம். அசைக்காமல் விட்டால் தயிராகிறது. பள்ளிக்கூடம், ட்யூஷன், தெருத் தோழர்கள், ஆயா வீடு என்று பிள்ளையின் வாழ்க்கையும் ஓரிடத்தில் அப்படித்தான் உறைகிறது. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு அந்த இடத்து நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்கிறது 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், 9-ஆம் பிரிவு. மே மாத லீவில் பெங்களூருக்குக் கூட்டிப்போனதாலேயே வழக்கும் பெங்களூருக்குப் போய்விடாது. பாத்திரம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே இன்னும் உறையவில்லை. எங்கே உறைந்தது என்பதை அந்தந்தக் குடும்பத்தின் நிலவரத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்று 2011-இல் ருசி மஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அடுத்து, உங்கள் நிலை. கோர்ட்டில் வழக்கே இல்லையென்றால் மாநிலம் மாற முன்அனுமதி வாங்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. வழக்கு நடந்து இடைக்கால உத்தரவு வந்துவிட்டால், அது பாத்திரத்தின் மேல் வைத்த மூடி. கோர்ட்டைக் கேட்காமல் நகர்த்தக் கூடாது. சொல்லாமல் போனால் மற்றவர் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போடலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். அங்கே எடைபோடுவது பிள்ளையின் நலனை. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்கும் என்பது இந்துச் சட்டம்.

புதுச்சேரிக்கென்று ஒரு விஷயம்: 1881 ஆணைப்படி தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது. அவர்கள் அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சரி, உறைந்த தயிரைத் தளும்பாமல் எடுத்துப் போவது எப்படி? முதலில், புது முகவரி, பள்ளி, பார்க்க வரும் நாட்கள் எல்லாவற்றையும் மற்றவருக்கு எழுதித் தெரிவியுங்கள். பிறகு ஒத்துக்கொண்டதை ஒப்பந்தமாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வழக்கு இருந்தால் அதையே கோர்ட் உத்தரவாக்கிக் கொள்ளுங்கள். பிள்ளை உடன் இல்லாத பெற்றோருக்கு, தனிக் காரணம் இருந்தாலொழிய, தினமும் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையோடு பேசும் உரிமை உண்டு என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வீடியோ கால்தான் சிறந்தது என்றும் சொன்னது. அந்தப் பத்து நிமிடத்தைப் பறிக்காதீர்கள். அது பிள்ளைக்குச் சேர வேண்டியது. டி.சி.க்கும் கவலை வேண்டாம்: எட்டாம் வகுப்பு வரை, கல்வி உரிமைச் சட்டப்படி தலைமையாசிரியர் உடனே தர வேண்டும்.

வீட்டில் அடி உதை என்றால் இந்த வரிசையெல்லாம் அப்புறம். பிள்ளையோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கும் ஊரிலேயே 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மனுக் கொடுக்கலாம். அவசர உதவிக்கு 181.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்ட உதவி இலவசம். எண் 15100. லாரியில் சாமான் ஏற்றுவதற்கு முன்பே கூப்பிட்டுவிடுங்கள்.