முதல் நாள் முதல் தீர்ப்பு: ஓப்பனிங் வீக்கெண்டுல நாம எதைத்தான் அளக்குறோம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கோம்.)

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. 'கங்குவா' ரிலீஸ். ஆபீஸ்ல எங்க டீம்ல 11 பேர் சனிக்கிழமை போகலாம்னு வாட்ஸ்அப் குரூப்ல பேசி வச்சிருந்தோம். டிக்கெட் இன்னும் போடல. அன்னிக்கு மதியம் சாப்பாட்டு நேரத்துல ட்விட்டரைத் திறந்தேன், ரெண்டு நிமிஷம் ஸ்க்ரோல் பண்ணேன், குரூப்ல ஒரே ஒரு வரி போட்டேன்: "மக்களே, ஸ்கிப்." அவ்வளவுதான். அரை மணி நேரத்துல பிளான் காலி.

சாயங்காலம் டெஸ்டிங் டீம்ல இருக்கிற ஒரு அக்கா என் சீட்டுக்கு வந்தாங்க. ஊர்லேருந்து அவங்க அப்பா வந்திருக்காராம். சின்ன வயசுல அம்புலிமாமா படிச்சு வளர்ந்த மனுஷன், ராஜா கதை, மாயாஜாலம்னா உயிர். அவரையும் கூட்டிட்டு வரலாம்னு இருந்தாங்களாம். "நீ படம் பாத்தியாடா?"ன்னு கேட்டாங்க.

"இல்லக்கா."

"அப்புறம் எதை வச்சு ஸ்கிப்னு போட்ட?"

என்கிட்ட பதில் இல்ல. வேலையில ஒரு பில்டை நான் ஓட்டிப் பாக்காமலே "ஃபெயில்"னு போட்டா, முதல்ல என்னைத் திட்டப்போறது இதே அக்காதான். ஒரு படத்துக்கு மட்டும் அதை எப்படி அவ்ளோ சுலபமா செஞ்சேன்? இன்னிக்கு எபிசோட் அந்தக் கேள்வியிலேருந்து வந்ததுதான்: ஒரு ஃபேன்டஸி படத்தோட முதல் வாரக் கடைசியில கூடுற கூட்டமும், அந்தக் கூட்டம் சொல்ற வார்த்தையும் உண்மையில எதைக் காட்டுது?

கூட்டம் படத்தைப் பத்தி சொல்றதில்ல

முதல்ல கூட்டத்தை எடுத்துக்குவோம். வெள்ளிக்கிழமை தியேட்டர் நிரம்பி வழியுதுன்னா படம் நல்லா இருக்குன்னு அர்த்தமா? கிடையாது. ஏன்னா டிக்கெட் வாங்கும்போது யாருமே படத்தைப் பாக்கல. ஹீரோ, டிரெய்லர், பாட்டு, முந்தின பாகம், மூலக்கதை மேல இருக்கிற பிரியம், லீவு நாள் - இதுக்குத்தான் அந்தக் காசு. முதல் நாள் கூட்டம் அளக்குறது எதிர்பார்ப்பை. படத்தை அளக்குறது அதுக்கப்புறம் வர்ற திங்கட்கிழமை.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் 2001. ரெண்டு பெரிய ஃபேன்டஸி தொடர்கள் ஒரே சீசன்ல ஆரம்பிச்சுது. நவம்பர் 16-ல முதல் 'ஹாரி பாட்டர்'. அமெரிக்கா, கனடா வட்டாரத்துல முதல் மூணு நாள்ல சுமார் 9 கோடி டாலர். அப்போ அது புது ரெக்கார்ட். டிசம்பர் 19-ல 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகம். அதோட முதல் வெள்ளி, சனி, ஞாயிறு சுமார் 4.7 கோடி. ஏறக்குறைய பாதி. அந்த ஞாயிறு ராத்திரி ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாத்திருந்தா, "முடிஞ்சுதுப்பா, பாட்டர் ஜெயிச்சுட்டான்"னு தோணியிருக்கும்.

கடைசியில என்ன ஆச்சு? பாட்டர் 31 கோடிக்கு மேல. ரிங்ஸும் 31 கோடிக்கு மேல. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து நின்னுச்சு. பாட்டர் தன் ஓப்பனிங்கைப் போல மூணரை மடங்கு ஓடுச்சு. ரிங்ஸ் ஆறரை மடங்குக்கு மேல. இந்த மடங்கைத்தான் அங்க 'மல்டிப்ளையர்'னு சொல்றாங்க.

நேர்மையா ஒரு விஷயம் சொல்லிடணும். ரிங்ஸ் புதன்கிழமையே வந்துச்சு. அதனால முதல் ரெண்டு நாள் வசூல் அந்த வீக்கெண்ட் கணக்குல சேரல. அடுத்த வாரமே கிறிஸ்துமஸ் லீவு வேற. ஆறரைங்கிறது கொஞ்சம் ஊதின நம்பர்தான். ஆனாலும் திசை தெளிவா இருக்கு: மூணு மணி நேரப் படத்துக்கு ஜனம் வந்துச்சு, திரும்ப வந்துச்சு, புத்தகம் படிக்காதவங்களையும் இழுத்துட்டு வந்துச்சு.

இதுக்கு எதிர்ப்பக்கம் 2016-ல வந்த 'வார்கிராஃப்ட்'. வீடியோ கேமிலிருந்து எடுத்த படம். அமெரிக்காவுல முதல் வீக்கெண்ட் சுமார் 2.4 கோடி டாலர், மொத்தமே 4.7 கோடி. அதாவது மடங்கு ரெண்டைக்கூடத் தொடல. பாதிக் காசு முதல் மூணு நாள்லயே வந்துருச்சு. அதே படம் சீனாவுல முதல் அஞ்சு நாள்ல 15 கோடி டாலரைத் தாண்டுச்சு! அந்த கேமை வருஷக்கணக்கா ஆடின பெருங்கூட்டம் அங்க இருந்துச்சு. ஆனா அங்கயும் மொத்தக் கணக்கு 20 கோடி சொச்சத்துல நின்னுருச்சு. ரசிகர்கள் முதல்லயே வந்துட்டாங்க. அவங்களுக்குப் பின்னாடி வரிசையில பெருசா யாரும் இல்ல.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இங்க இந்தக் கணக்கை இப்படிப் போடவே முடியாது. எல்லாத் தியேட்டர் வசூலையும் ஒரே இடத்துல சேர்த்து, நாள்வாரியா வெளியிடுற பொதுவான அமைப்பு இங்க கிடையாது. நமக்குக் கிடைக்கிறது தயாரிப்பு நிறுவனத்தோட போஸ்டர், டிராக்கர்களோட மதிப்பீடு, டிக்கெட் ஆப்ல தெரியிற "ஒரு மணி நேரத்துல இத்தனை ஆயிரம் டிக்கெட்". லாக் ஃபைலே இல்லாம சர்வர் நல்லா ஓடுதா இல்லையான்னு சண்டை போடுற மாதிரி. நம்பர் இல்லாத இடத்துல என்ன நிரப்புது? வார்த்தை. அதான் நம்ம ஊர்ல முதல் நாள் 'டாக்' இவ்ளோ கனமா விழுது.

மைக்கைத் தேடி வர்றவங்களும், வீட்டுக்குப் போறவங்களும்

அமெரிக்காவுல சினிமாஸ்கோர்னு ஒரு நிறுவனம் 1970களின் கடைசியிலிருந்து ஒரு வேலை பண்ணிட்டு இருக்கு. படம் வெளியான முதல் ராத்திரி, தேர்ந்தெடுத்த தியேட்டர்கள்ல வர்றவங்க கையில ஒரு சின்ன அட்டை கொடுப்பாங்க. ஏ முதல் எஃப் வரைக்கும் மார்க் போடணும். வயசு என்ன, எதுக்காக வந்தீங்கங்கிற மாதிரி கேள்விகளும் இருக்கும். ஃபேன்டஸி படத்துக்கு அந்த ஏ, பி எல்லாமே முதல் நாளே ஓடி வந்த ரசிகர் கொடுக்குற மார்க்தான். அதனால பி-ன்னா 'நல்ல மார்க்'னு எடுத்துக்க முடியாது. நண்பனே தயங்குறான்னு அர்த்தம். எவ்ளோ நம்பி வந்தாங்களோ, அதுக்குக் கிடைச்சுதாங்கிறதைத்தான் அது அளக்குது.

குறை இருந்தாலும் அந்த முறையில ஒரு நல்லது இருக்கு: அட்டை பேசத் தெரியாதவங்க கைக்கும் போகுது. நம்ம ஊர் 'பப்ளிக் ரிவ்யூ'வை யோசிச்சுப் பாருங்க. கேட்டுக்கு வெளியில பத்து மைக். யார் பேசுறாங்க? "ப்ரோ, ஆயிரம் கோடி கன்ஃபர்ம்"னு கத்துறவர், "ரெண்டரை மணி நேரம் போச்சு ப்ரோ"ன்னு தலையில கை வைக்கிறவர். "முதல் பாதி சுமார், செகண்ட் ஹாஃப்ல ஒரு இடம் நல்லா இருந்துச்சு"ன்னு நினைக்கிற நூறு பேர் பார்க்கிங்ல வண்டியத் தேடிட்டு இருப்பாங்க. அவங்களை நிறுத்தி மைக் நீட்டினாலும் எடிட்டிங்ல அந்த க்ளிப் நிக்காது. நமக்கு வந்து சேர்றது ரெண்டு ஓரம் மட்டும். நடுவுல பெரிய ஓட்டை.

இன்னொண்ணு, நேரம். 2023 ஜனவரியில ஒரு படத்தோட நள்ளிரவுக் கொண்டாட்டத்துல ஒரு இளைஞர் லாரியிலிருந்து விழுந்து இறந்தாரு. அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல பெரிய படங்களுக்கு முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். சரியான முடிவுதான், ஒரு உயிரைவிடப் படம் பெருசில்ல. ஆனா பக்கத்து மாநிலங்கள்ல விடியுறதுக்கு முன்னாடியே ஷோ போடுறாங்க. விளைவு? நம்ம ஊர்ல முதல் ஷோ ஆரம்பிக்கும்போதே ட்விட்டர்ல தீர்ப்பு எழுதி முடிஞ்சிருக்கும். 9 மணி ஷோவுக்கு உள்ள போறவர் ஏற்கனவே ஒரு கருத்தோடதான் சீட்ல உக்கார்றாரு.

ஃபேன்டஸிக்கு மட்டும் ஏன் அடி அதிகம்?

மாஸ் படத்துல விசில் சத்தத்துல ஒரு வசனம் காதுல விழலைன்னா ஒண்ணும் ஆகாது. வில்லன் கெட்டவன், ஹீரோ அடிப்பாரு, புரிஞ்சுரும். ஃபேன்டஸி அப்படியில்ல. இந்த ஊர் பேர் என்ன, இவங்க குலம் எது, இந்தக் கத்திக்கு என்ன சக்தி - இதையெல்லாம் முதல் அரை மணி நேரத்துல சொல்லிக் கொடுத்தாகணும். ஒரு புது விளையாட்டோட ரூல்ஸ் மாதிரி. அது எப்போ வருது? பேப்பர் பறக்குற, டார்ச் ஆட்டுற, "தலைவா"ன்னு கத்துற அதே அரை மணி நேரத்துலதான். ரூல்ஸ் காதுல விழாதவனுக்கு ஆட்டம் குழப்பமாத்தான் இருக்கும். வெளிய வந்து "ஒண்ணும் புரியல ப்ரோ"ம்பான். அவன் பொய் சொல்லல. ஆனா அது படத்தோட தப்பா, சத்தத்தோட தப்பான்னு அவனுக்கே தெரியாது.

'கங்குவா' வாரத்துல சத்தமே ஒரு தனிக் கதை ஆச்சு. படத்தோட ஒலி காதைக் கிழிக்குதுன்னு முதல் நாளே புகார். ஒலி அளவை 2 புள்ளி குறைக்கச் சொல்லியிருக்கோம்னு தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா சொன்னாரு. ஆஸ்கர் வாங்கின ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் இந்த 'யார் அதிக சத்தம்' போட்டியைப் பத்தி வெளிப்படையா வருத்தப்பட்டாரு. ஞாயிற்றுக்கிழமை ஜோதிகா ஒரு பதிவு போட்டாங்க. முதல் அரை மணி நேரம் சரியா அமையல, சத்தம் உறுத்துதுன்னு ஒத்துக்கிட்டே, முதல் நாளே இவ்ளோ வெறுப்பு எதுக்குன்னு கேட்டாங்க. பிறகு படத்துல 12 நிமிஷம் குறைச்சாங்க.

இதுல ஒண்ணைக் கவனிங்க: புகார் நிஜம். சத்தத்தையும் நீளத்தையும் அவங்களே திருத்தினாங்க. முதல் நாள் ஆடியன்ஸ் சொன்னது உதவியிருக்கு. ஆனா திருத்தின வெர்ஷனைப் பாக்க ஆள் வரணும்ல? திங்கட்கிழமை எத்தனை ஷோங்கிறதைத் தியேட்டர்காரர் வீக்கெண்ட் கூட்டத்தைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாரு. டிசம்பர் 8-ல படம் ஓடிடிக்கே வந்துருச்சு. மொத்தம் மூணரை வாரம். பக்-ஐக் கண்டுபிடிச்சு, பேட்ச் விட்டு, யூசர் திரும்ப வர்றதுக்குள்ள ஆப்பையே ஸ்டோர்லேருந்து எடுத்த கதை.

இன்னொரு பொங்கல்

2010 ஜனவரி 14, பொங்கல். செல்வராகவனோட 'ஆயிரத்தில் ஒருவன்'. நான் அப்போ ஸ்கூல்ல. எதிர்வீட்டு அண்ணன் முதல் நாளே போயிட்டு வந்து, "ஒண்ணும் புரியலடா, செகண்ட் ஹாஃப்ல பேசுற தமிழே வேற மாதிரி இருக்கு"ன்னாரு. எங்க வீட்ல யாரும் போகல. சோழ வாரிசுகள் பழைய தமிழ்ல பேசுற படம்; முதல் வாரச் சத்தத்துல அந்தத் தமிழ் எத்தனை பேர் காதுல விழுந்திருக்கும்?

கிட்டத்தட்ட 11 வருஷம் கழிச்சு, 2020 டிசம்பர் 31. கொரோனாவால பாதி சீட்டுக்குத்தான் அனுமதி. அந்த நிலைமையில அதே படத்தைத் திரும்ப ரிலீஸ் பண்ணாங்க, ஷோக்கள் ஹவுஸ்ஃபுல். நானும் மாஸ்க்கோட உக்காந்திருந்தேன். ஜனம் வசனத்தைக் கூடவே சொல்லுது! அடுத்த நாளே ரெண்டாம் பாகத்துக்கு அறிவிப்பு. படம் ஒரு ஃப்ரேம் மாறல. மாறினது நாம எதை எதிர்பாத்து உள்ள போனோம்ங்கிறதுதான்.

அதுக்காக எல்லாத் தோல்விப் படமும் காலம் கடந்து கிளாசிக் ஆகும்னு நான் சொல்லல. நிறைய படங்கள் முதல் நாள் சொன்ன மாதிரியே மோசம்தான். முதல் தீர்ப்பு எப்பவும் தப்புன்னு நான் வாதாடல. அது அவசரத்துல எடுத்த சாம்பிள்னு மட்டும்தான் சொல்றேன்.

தடை போட்டா தீருமா?

'கங்குவா' வந்த அடுத்த வாரம், நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒரு அறிக்கை விட்டுச்சு: முதல் நாள் முதல் காட்சிக்கு யூடியூப் சேனல்களைத் தியேட்டர் வளாகத்துல விடாதீங்கன்னு. முதல் மூணு நாளைக்கு விமர்சனமே கூடாதுன்னு கோர்ட்டுக்கும் போனாங்க. சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பர்ல அந்த இடைக்காலத் தடையைக் கொடுக்க மறுத்துருச்சு. என் கருத்தும் அதுதான். காசு கொடுத்து உள்ள போனவர் வாயை மூடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்ல.

ஆனா நான் காசே கொடுக்கலையே? பாக்காமலே "ஸ்கிப்" போட்டவன் விமர்சகனும் இல்ல, ரசிகனும் இல்ல. கேள்விப்பட்டதைப் பரப்பினவன்.

அந்த சனிக்கிழமை நான் மட்டும் தனியாப் போனேன். பாதி பிடிச்சுது, பாதி பிடிக்கல. ஆனா எனக்கு உறைச்சது வேற. நான் படத்தைப் பாக்கவே இல்ல. படிச்ச குறையெல்லாம் வருதான்னு செக்லிஸ்ட் டிக் அடிச்சிட்டு இருந்தேன். பக்கத்து சீட்ல பத்து வயசுப் பையன் ஒருத்தன் அவன் அப்பாவைத் துளைச்சிட்டு இருந்தான். "இவங்க எந்தத் தீவுப்பா? அவங்களுக்கு ஏன் இவங்களைப் பிடிக்காது?" அவருக்கும் தெரியல, "பாருடா, சொல்லுவாங்க"ன்னாரு. அந்த ஹால்ல ரூல்ஸ் கத்துக்கத் தயாரா வந்திருந்தது அவன் ஒருத்தன்தான்னு தோணுச்சு.

திங்கட்கிழமை அக்காகிட்ட, "போங்கக்கா, அப்பாவுக்குப் பிடிக்கலாம்"னேன். அப்பா ஞாயித்துக்கிழமை ராத்திரி ரயில்லயே ஊருக்குக் கிளம்பிட்டாராம்.

இப்போ எனக்கு நானே மூணு ரூல் வச்சிருக்கேன். பாக்காத படத்தைப் பத்தி குரூப்ல தீர்ப்பு சொல்றதில்ல. யாராவது "மொக்கை"ன்னு சொன்னா, "எது மொக்கை?"ன்னு ஒரு கேள்வி கேட்கிறது. ஃபேன்டஸி படம்னா முதல் நாள் முதல் ஷோவுக்குப் போறதில்ல. ரெண்டாவது நாள் மத்தியான ஷோ, வசனம் காதுல விழுற ஷோ.

நீங்க முதல் நாள் பேச்சை நம்பித் தவறவிட்டு, அப்புறம் பாத்து வருத்தப்பட்ட படம் எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன். பாக்காம இருக்கிற படத்தோட பேரைச் சொல்லாதீங்க மக்களே, அது கள்ள ஓட்டு. வரட்டா!