திரையில் நற்செய்தி: கேமரா எங்கே நிற்கிறது?

தவக்காலம் வந்துவிட்டால் நம் பங்குகள் பலவற்றில் இயேசுவின் வாழ்க்கைப் படம் ஒன்றைத் திரையிடுவது வழக்கம். பார்த்து முடித்த சில நாள்களில், நற்செய்தியில் வாசித்தது மங்கி, திரையில் கண்டதே நம் நினைவில் நின்றுவிடுகிறது. ஆனால் திரையில் நாம் காண்பது நற்செய்தி அல்ல. ஓர் இயக்குநர் நற்செய்தியை வாசித்த விதம். கேமரா, படத்தொகுப்பு, ஒலி ஆகிய மூன்றையும் கொண்டே அவர் தம் வாசிப்பை நமக்குச் சொல்கிறார்.

இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964ஆம் ஆண்டு வெளியிட்ட 'மத்தேயு நற்செய்தி' என்னும் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக்கொள்வோம். பசோலினி இறைநம்பிக்கை இல்லாதவர், மார்க்சியர். 1963இல் ஒரு குறும்படத்திற்காகச் சமய நிந்தனை வழக்கில் தண்டனை பெற்றவர். அவர்தான் இந்தப் படத்தைத் திருத்தந்தை 23ஆம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். திரைப்பட நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது.

படத்தின் தொடக்கத்தில் மரியாவின் முகம் திரையை நிறைக்கிறது. அடுத்து யோசேப்பின் முகம். மறுபடியும் மரியா, இம்முறை கேமரா தள்ளி நிற்பதால் அவர் கருவுற்றிருப்பது தெரிகிறது. யோசேப்பு ஒன்றும் பேசாமல் அங்கிருந்து போய்விடுகிறார். வசனமே இல்லை. முகங்களில் பெரிய நடிப்பும் இல்லை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதில் அந்த நேர்மையாளரின் கலக்கத்தை நாமே உணர்ந்துகொள்கிறோம். படத்தொகுப்பின் அரிச்சுவடி இதுதான்.

இயேசுவின் விசாரணைக் காட்சி இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் பின்னால் நின்று எடுத்திருக்கிறார்கள். படம் ஆடுகிறது, முன்னால் நிற்பவர்களின் தலைகள் மறைக்கின்றன, தொலைவில் இயேசு சிறிதாகத் தெரிகிறார். எக்கி எக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பேதுரு தொலைவில் பின்தொடர்ந்து சென்றதாக மத்தேயு சொல்கிறார் (26:58). அந்தத் தொலைவில்தான் கேமரா நம்மையும் நிறுத்துகிறது. மெல் கிப்சன் 2004இல் வெளியிட்ட பாடுகளின் படத்திலும் ஒரு பகுதி இதே மத்தேரா நகரில்தான் எடுக்கப்பட்டது. அதிலோ கேமரா காயங்களுக்கு மிக அருகே செல்கிறது. காட்சிகள் அடிக்கடி மெதுவாக ஓடுகின்றன. அங்கே கண்ணீர் வருவது எளிது. விலகி நின்ற குற்ற உணர்வைத் தருவது பசோலினியின் படமே என்பது என் கருத்து.

ஒலியைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. இயேசுவாக நடித்தவர் எந்ரிக்கே இராசோக்கி என்னும் ஸ்பானிய மாணவர். திரையில் நாம் கேட்பது அவர் குரல் அல்ல. என்ரிக்கோ மரியா சலெர்னோ என்ற இத்தாலிய நடிகரின் குரல். முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது! ஞானிகள் குழந்தையை வணங்கும் இடத்தில், தாயற்ற பிள்ளையாய்த் தன்னை உணரும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல் ஒலிக்கிறது. பிறப்பு விழாவின் மகிழ்ச்சிக்குள் கல்வாரியின் நிழல் அப்பாடலால் வந்து விழுகிறது. உயிர்ப்பின்போது கேட்பதோ, காங்கோ நாட்டு மேளங்களோடு பாடப்படும் திருப்பலியின் 'உன்னதங்களிலே' கீதம்.

மறைக்கல்வி ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து பார்க்கலாம். ஞானிகள் வரும் காட்சியை முதலில் ஒலியின்றியும், பிறகு ஒலியோடும் போட்டுக் காட்டுங்கள். விசாரணைக் காட்சியைப் பாதியில் நிறுத்தி, "இப்போது நாம் யார் பக்கத்தில் நிற்கிறோம்?" என்று கேளுங்கள்.