மாற்று மருந்து இருக்கிறது. மணி நேரம்தான் முக்கியம்

வீட்டில் ஒருவர் இரவில் அளவுக்கு மீறிப் பாராசிட்டமால் மாத்திரைகளை விழுங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்து தேநீர் குடிக்கிறார். இலேசான குமட்டல் மட்டுமே. 'ஒன்றும் ஆகவில்லை' என்று குடும்பத்தார் நிம்மதி அடைகின்றனர். ஆபத்தே அந்த நிம்மதியில்தான் இருக்கிறது.

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும் மருந்து பாராசிட்டமால். குறித்த அளவில் அது பாதுகாப்பானது. கல்லீரல் அதைச் சிதைக்கும்போது சிறிதளவு நச்சுப் பொருள் உண்டாகும். கல்லீரலில் உள்ள குளூட்டாதயோன் என்னும் பொருள் அந்த நச்சை முறித்துவிடும். மாத்திரை அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோகிறது. மிஞ்சிய நச்சு கல்லீரல் செல்களை அழிக்கிறது. முதல் நாளில் வெளியே எதுவும் தெரியாமல் போகலாம். மூன்றாம், நான்காம் நாளில்தான் பாதிப்பு உச்சத்தை அடையும்.

இதற்கான மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன். முன்பு சளியை இளக்கப் பயன்பட்ட மருந்து இது. இதனை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்திப் பலன் கண்ட எடின்பரோ மருத்துவர்கள், 1977-இல் அதனை வெளியிட்டனர். குறைந்துபோன குளூட்டாதயோனை மீண்டும் உருவாக்க இது கல்லீரலுக்கு உதவுகிறது. எட்டு மணி நேரத்திற்குள் தொடங்கினால், கல்லீரல் பெரும்பாலும் முழுமையாகக் காப்பாற்றப்படும். அதற்குப் பின் பலன் குறைந்துகொண்டே போகும். ஆயினும், கல்லீரல் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கும் இம்மருந்து கொடுக்கப்படுகிறது. அதுவும் போதாதபோது, சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை ஒன்றே வழியாகிவிடுகிறது.

தெரியாமலும் இந்த விபத்து நேரலாம். சளிக்காய்ச்சல் மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் அளவு கூடிவிடும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

நஞ்சு உட்கொண்டவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணில் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். காலி மருந்து அட்டையையும் கையோடு கொண்டு போக வேண்டும். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்ற விவரமே மருத்துவருக்குப் பெரிய உதவி. பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் தொடங்கப்பட்ட தேசிய நச்சு மையம், இத்தகைய சம்பவங்களில் ஆலோசனை வழங்குகிறது.

மன வேதனையில் ஒருவர் இப்படிச் செய்துவிட்டால், போலீசுக்குப் பயந்தோ ஊர் பேச்சுக்கு அஞ்சியோ குடும்பத்தார் மறைப்பதுண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு சிங்கப்பூரில் 2020-இலும் மலேசியாவில் 2023-இலும் நீக்கப்பட்டுவிட்டது. ஏன் செய்தாய் என்ற கேள்வியைப் பிறகு அன்போடு கேட்டுக்கொள்ளலாம். முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை.