பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை முன்வைத்து: கணினி அமைப்புகளின் நம்பகத்தன்மையும் செயற்கை நுண்ணறிவும்

ஆய்வுச் சுருக்கம்

கணினி அமைப்பில் கோளாறு ஏற்படும்போது அதனைச் சரிசெய்வதற்கு முன் எழும் வினா, ‘கோளாறு எங்கே உள்ளது?’ என்பதாகும். பல நிறுவனங்களின் கணினிகள் ஒன்றாக இணைந்து இயங்கும் சேவைகளில் இவ்வினா தொழில்நுட்பத்தைச் சார்ந்தது மட்டுமன்று. இழப்பை யார் ஏற்பது என்பதையும் சார்ந்தது. தேசிய நெடுஞ்சாலை 48இல் வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே அமைந்துள்ள பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் நடைமுறையிலுள்ள ஃபாஸ்டேக் முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, செயற்கை நுண்ணறிவு இவ்வினாவிற்கு விடை காணும் வழிகளையும் அதன் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: நம்பகத்தன்மை, ஃபாஸ்டேக், பிறழ்வு கண்டறிதல், தொழில்நுட்ப உதவிச் சேவை, பேச்சுத்தமிழ்.

முன்னுரை

பள்ளிகொண்டா, பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் கோயிலால் அறியப்படும் பேரூர். ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களிலிருந்து தோல் பொருள்களையும் காலணிகளையும் சென்னைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்லும் சரக்கு வாகனங்களும், வேலூர் மருத்துவமனைகளுக்குச் செல்லும் நோயாளிகளின் வாகனங்களும் இவ்வூரின் வழியாகவே செல்கின்றன. ஆகவே இங்குள்ள சுங்கச்சாவடியின் கணினி சிறிது நேரம் நின்றாலும் அதன் விளைவு சாலையில் உடனே புலப்படும்.

மின்னணு முறையில் சுங்கம் செலுத்தும் ஃபாஸ்டேக் 2014இல் அறிமுகமாயிற்று. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் சாவடிகள் 2015 வாக்கில் இம்முறைக்குள் வந்தன. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் அனைத்துத் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளிலும் இது கட்டாயமாக்கப்பட்டு, செல்லத்தக்க ஃபாஸ்டேக் இல்லாத வாகனங்களுக்கு இருமடங்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. 2025 நவம்பர் 15 முதல் அத்தகைய வாகனங்கள் ரொக்கமாகச் செலுத்தினால் இருமடங்கும், யுபிஐ வழியாகச் செலுத்தினால் 1.25 மடங்கும் கட்டணமாக்கப்பட்டது.

இதற்கு மறுபுறமாக 2018 மே மாதத்தில் வெளியான விதித்திருத்தம் ஒன்று உள்ளது. போதிய இருப்புடன் கூடிய, செயல்படும் ஃபாஸ்டேக்கைக் கொண்ட வாகனம், சாவடிக் கருவியின் கோளாற்றால் கட்டணம் செலுத்த இயலாது போனால், கட்டணமின்றிச் செல்ல அனுமதிக்கப்பட வேண்டும். சுழியக் கட்டண ரசீதும் வழங்கப்பட வேண்டும். ஆக, குறை ஒட்டியில் இருந்தால் ஓட்டுநர் கூடுதல் கட்டணம் செலுத்துவார். கருவியில் இருந்தால் ஒன்றும் செலுத்த வேண்டியதில்லை. இரண்டிலும் அவர் காண்பது திறவாத தடுப்பு ஒன்றையே.

சங்கிலியாக அமைந்த சேவை

வாகனத்தின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டப்படும் ஒட்டியில் மின்கலம் இல்லை. சாவடியின் படிப்பான் வெளியிடும் வானொலி அலையிலிருந்து ஆற்றலைப் பெற்று, அது தன் அடையாள எண்ணைத் திருப்பி அனுப்புகின்றது. வழித்தடக் கணினி அவ்வெண்ணைச் சாவடியின் சேவையகத்திற்கு அனுப்ப, அங்கிருந்து சாவடியின் கணக்கை நிருவகிக்கும் வங்கி, இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் மையம், ஒட்டியை வழங்கிய வங்கி என்னும் வரிசையில் தகவல் செல்கின்றது. இருப்புக் குறைந்த அல்லது முடக்கப்பட்ட ஒட்டிகளின் பட்டியல் மையத்திலிருந்து சாவடிக்கு அடிக்கடி வந்து சேர்கின்றது. தடுப்பைத் திறக்கும் முடிவை இப்பட்டியலே தீர்மானிக்கின்றது.

இத்தகைய தொடரமைப்பில் உறுப்புகள் தனித்தனியே வலுவாக இருப்பது போதாது. ஓர் உறுப்பு 99.9 விழுக்காட்டு நேரம் இயங்கும் எனில், ஆண்டிற்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் அது செயலற்றிருக்கும். அதே தரமுள்ள, ஒன்றையொன்று சாராது பழுதாகும் ஐந்து உறுப்புகள் தொடராக இணைந்தால், முழுச் சேவையும் 99.5 விழுக்காட்டு நேரமே இயங்கும். செயலற்ற நேரம் ஆண்டிற்குச் சுமார் 44 மணியாக உயரும். எந்த நிறுவனமும் தன் ஒப்பந்தத்தை மீறாத நிலையிலும் பயனர் இவ்வளவு நேரத்தை இழக்க நேரிடும் என்பது இக்கணக்கின் பொருள்.

பிறழ்வு கண்டறிதல்

மரபான கண்காணிப்பு, முன்னரே வகுத்த எல்லையைக் கருவி கடந்தால் மட்டுமே எச்சரிக்கும். படிப்பான் முற்றிலும் நின்றுவிட்டால் அது கண்டறியும். பத்து வாகனங்களில் இரண்டை மட்டும் படிக்கத் தவறினால் அதனை அறியாது. வேலூர்ப் பகுதியின் கோடை வெப்பம், தூசி, அலைவாங்கியின் கோணம் சற்றே மாறுதல் முதலியவற்றால் கருவி படிப்படியாகத் திறன் குன்றக்கூடும். ஒவ்வொரு வழித்தடத்திற்கும் ஒவ்வொரு நேரத்திற்கும் உரிய இயல்பான படிப்பு வீதத்தைப் பழைய தரவுகளிலிருந்து கற்றுக்கொண்டு, அதிலிருந்து விலகுவதைச் சுட்டுவதே பிறழ்வு கண்டறிதல் ஆகும்.

கோளாறு யாருடையது என்பதையும் இதே தரவு காட்டும். ஒரு சரக்கு வாகனம் வாணியம்பாடிச் சாவடியைத் தடையின்றிக் கடந்து, பள்ளிகொண்டாவில் தடைப்படுகிறது எனக் கொள்வோம். அதே வழித்தடத்தில் அதற்கு முன் வந்த பல வாகனங்களும் தடைப்பட்டிருப்பின் ஐயம் படிப்பானின் மீது விழ வேண்டும். அவை அனைத்தும் எளிதாகக் கடந்திருக்க, இவ்வாகனம் மட்டும் சாவடிதோறும் தடைப்படுமாயின் ஐயம் ஒட்டியின் மீது விழும். அனைத்து வழித்தடங்களும் ஒரே நொடியில் தடுமாறினால் சேவையகத்தையோ இணைப்பையோ நோக்க வேண்டும். தனித்தனியாக எழும் பல எச்சரிக்கைகளை இவ்வாறு ஒரு மூலகாரணத்தின் கீழ்த் தொகுப்பது எச்சரிக்கைத் தொடர்புறுத்தல் எனப்படும்.

நேரமும் ஒரு சான்றாகும். 2025 பிப்ரவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, படிக்கப்படுவதற்கு 60 நிமிடங்களுக்கு மேலாக முடக்கத்தில் இருந்து, படித்த பின் 10 நிமிடங்கள் வரையிலும் முடக்கம் நீங்காத ஒட்டியின் பரிவர்த்தனை மறுக்கப்படும். இவ்விதி நியாயமாகச் செயற்பட வேண்டுமாயின் சாவடியின் கடிகாரமும் மையத்தின் கடிகாரமும் ஒத்திருத்தல் வேண்டும். சிறிய கால விலகலைத் தொடர்ந்து கவனிப்பது மனிதர்க்குக் கடினம், பொறிக்கு எளிது.

முறையீட்டின் மொழி

கருவிகள் தரும் தரவிற்கு இணையான மற்றொரு தரவு, பயனரின் முறையீடு. நெடுஞ்சாலைப் பயணிகளுக்கு 1033 என்னும் உதவி எண் உள்ளது. முறையீடுகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தி உரிய பிரிவிற்கு அனுப்புவது, உதவிச் சேவையில் செயற்கை நுண்ணறிவின் முதன்மைப் பணிகளுள் ஒன்று. இங்குத் தமிழாய்வு ஆற்ற வேண்டிய பங்கு உண்டு.

‘காசு ரெண்டு தடவ போயிருச்சு’, ‘கார்டு ஸ்கேன் ஆகல’, ‘பேலன்ஸ் இருந்தும் கேட் தொறக்கல’ என்பன போன்ற தொடர்களை எழுத்துத்தமிழில் மட்டும் பயின்ற மொழிமாதிரி சரியாக உணராது. முதல் தொடர் வங்கிக்கும், இரண்டாவது கருவிப் பராமரிப்பிற்கும் உரியது. மூன்றாவது இருவரும் சேர்ந்து ஆராய வேண்டியது. ‘இருந்தும்’ என்னும் ஒரு சொல்லில் அடங்கியுள்ள ‘உம்’ இடைச்சொல், முறையீட்டின் மையத்தையே மாற்றிவிடுகின்றது. மேலும், ஆம்பூர்–வாணியம்பாடிப் பகுதியில் உருதுவும் வழங்குகின்றது. நெடுஞ்சாலையில் தெலுங்கு, கன்னடம், இந்தி பேசும் ஓட்டுநர்களும் வருகின்றனர். எனவே இப்பகுதிக்கான பயிற்சித் தரவு இப்பகுதி மக்களின் பேச்சிலிருந்தே திரட்டப்பட வேண்டும்.

வரம்புகள்

முதலாவது, பொய் எச்சரிக்கை. பத்து வழித்தடங்களை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை சோதித்தால் நாளொன்றுக்கு 2,880 சோதனைகள் நிகழும். அவற்றில் ஒரு விழுக்காடு மட்டும் தவறாக எச்சரித்தாலும் நாளொன்றுக்கு 29 பொய் எச்சரிக்கைகள் எழும். சில நாள்களில் ஊழியர்கள் எச்சரிக்கை ஒலியையே பொருட்படுத்தாது போவர். ஆகவே துல்லியம் என்னும் விழுக்காட்டைக் காட்டிலும், நாளொன்றுக்கு எத்தனை எச்சரிக்கை என்பதே நடைமுறைக்கு ஏற்ற அளவுகோலாகும்.

இரண்டாவது, இயல்பு மாறும் நாள்கள். பொங்கல் விடுமுறை முடிந்து மக்கள் ஊர் திரும்பும் நாளின் போக்குவரத்தைச் சாதாரண நாளின் தரவில் பயின்ற மாதிரி கோளாறெனக் கருதக்கூடும். விழா நாட்காட்டியும் மாதிரிக்குக் கற்பிக்கப்படல் வேண்டும்.

மூன்றாவது, தானியங்கிச் சீரமைப்பின் இடர். 2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்களில் பயண அட்டைகள் கையால் எழுதித் தரப்பட்டன. பாதுகாப்பதற்காக நிறுவப்பட்ட மென்பொருளே அம்முடக்கத்திற்குக் காரணமாயிற்று. எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு வழித்தடத்தில் செய்து பார்த்து, பயன் கண்ட பின்னரே பிறவற்றிற்கு விரிப்பதும், பழைய நிலைக்குத் திரும்பும் வழியை முன்னரே அமைப்பதும் இதனால் இன்றியமையாதனவாகின்றன.

முடிவுரை

தொடராக அமைந்த சேவையில் உறுப்புகளின் நம்பகத்தன்மை பெருகுவதில்லை, குறைகின்றது என்பதையும், பல இடங்களின் தரவை ஒப்பிட்டுக் கோளாற்றின் இருப்பிடத்தைச் சுட்ட செயற்கை நுண்ணறிவால் இயலும் என்பதையும் மேற்கண்ட விளக்கங்கள் காட்டுகின்றன. ஆயினும் இத்தரவு முழுவதும் சாவடியிடமும் வங்கியிடமும் உள்ளது. ஓட்டுநரிடம் ஒரு குறுஞ்செய்தியும் ஒரு ரசீதும் மட்டுமே உள்ளன. படிப்பானின் அந்நேரத்துப் படிப்பு வீதத்தை ரசீதிலேயே அச்சிட்டுத் தந்தால், கருவிக் கோளாறு குறித்த 2018ஆம் ஆண்டு விதி ஓட்டுநருக்கு மெய்யாகவே பயன்படும். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. சேகரிக்கும் தரவைச் சேவை பெறுபவருடனும் பகிர்வது என்னும் முடிவே வேண்டும்.